மூன்று டபிள்யூ வேண்டுமா, வேண்டாமா?

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் 'லாடாங்' (தோட்டம்) என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் இருந்த காலத்தின் மிச்சம் அது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தோட்ட முதலாளி டான் சாய் யான் நட்ட ரப்பரும், அதன் பிறகு புக்கிட் அசஹானில் அவர் விரித்த பெருந்தோட்டமும்தான் மலாயாவின் வணிக ரப்பருக்குத் தொடக்கம். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். பள்ளியின் பெயர் மட்டும் பழைய தோட்டத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயரை எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பள்ளி வகையைக் குறிக்கும் 'எஸ்ஜேகே' என்று எழுதி, தமிழைக் குறிக்கும் 'டி'யை அடைப்புக்குறிக்குள் போடுவார். இன்னொருவர் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு ஒன்றாகச் சேர்ப்பார். மூன்றாமவர் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைப்பார். தமிழ் நாளேட்டில் அது 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' ஆகும். கல்வி அமைச்சு இதிலெல்லாம் குழம்புவதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட குறியீடு ஒன்று உண்டு. மலாக்காப் பள்ளி என்றால் முதல் எழுத்து 'எம்'. பெயரை எப்படி எழுதினாலும் கோப்புகள் அந்தக் குறியீட்டின் கீழ்தான் போய்ச் சேரும்.

அதே பள்ளி ஓர் அகப்பக்கம் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. இணைய முகவரியின் பல வடிவங்களில் எது சரி என்று தீர்த்துவைக்க அமைச்சு எதுவும் இல்லை. அகப்பக்கத்தின் சொந்தக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலோர் தீர்மானிப்பதில்லை, தீர்மானிக்க ஏதோ இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மலாக்காவின் லிட்டில் இந்தியாவான ஜாலான் பெண்டஹாராவில் பூமாலைக் கடை ஒன்று அகப்பக்கம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி வரலாம், அல்லது பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் வரலாம். அடுத்து மூன்று டபிள்யூ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதிலேயே நான்கு வடிவம். கல்யாண மாலைகளுக்கென்று ஓர் உள்பக்கம் இருந்தால், அதன் கடைசியில் சாய்கோடு போடலாம், விடலாம்: எட்டு. அந்த உள்பக்கப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவோ சின்ன எழுத்தாகவோ போடலாம்: பதினாறு. மலேசியாவில் இன்னொரு பெருக்கலும் உண்டு. முன்பு வணிக நிறுவனங்கள் 'டாட் காம் டாட் எம்ஒய்' என்றுதான் பதிவுசெய்ய முடியும். 2008-இல் நேரடியாக 'டாட் எம்ஒய்' வாங்கும் வழி திறந்தது. பெயரை வேறு யாரும் தட்டிக்கொண்டு போகக் கூடாதே என்று பலர் இரண்டையும் வாங்கி வைத்தார்கள். இரண்டும் ஒரே பக்கத்தைத் திறந்தால், முப்பத்திரண்டு.

கடைக்காரருக்கு இவை எல்லாம் ஒரே பக்கம். கணினிக்கு முப்பத்திரண்டு முகவரிகள். மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததும் இணையத்தின் பெயர் முறைமையில் இரண்டு தனித்தனிப் பெயர்கள். ஒன்றில் பூக்கடையையும் மற்றொன்றில் மளிகைக் கடையையும் வைத்தால்கூட எந்தச் சட்டமும் தடுக்காது. தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் சாய்கோட்டைத் தொடர்ந்து வரும் பாதையில் வேறுபாடு உண்டு. முகப்புப் பக்கத்தின் கடைசிச் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உள்பக்கத்தில் அப்படியில்லை. எழுத்தும் சாய்கோடும் பற்றிய இந்த நுணுக்கம் 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதி ஆவணத்தில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது.

அகப்பக்கம் செய்து தருபவரிடம் கடைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "அண்ணே, முன்னால மூணு டபிள்யூ போடணுமா, வேண்டாமா? எது போட்டா கூகுள்ல மேல வரும்?" எது போட்டாலும் ஒன்றுதான் என்பதே நேர்மையான பதில். தேடுபொறி மூன்று டபிள்யூவுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் தருவதில்லை, குறைப்பதும் இல்லை. அந்த டபிள்யூக்கள் ஒரு காலத்து வழக்கத்தின் எச்சம். ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சலுக்கு ஒரு கணினி, கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒரு கணினி, வலைப்பக்கங்களுக்கு ஒரு கணினி என்று இருந்தபோது, எது எந்த வேலைக்கு என்று பெயரிலேயே குறித்தார்கள். இன்றும் மிகப் பெரிய தளங்கள் டபிள்யூவை விடாமல் வைத்திருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு மாற்றுப்பெயராக்கும் வசதியை, டபிள்யூ இல்லாத மொட்டைப் பெயருக்குப் பெயர் முறைமையின் விதி அனுமதிக்காது. உலகெங்கும் பல கணினிகளில் தளத்தைப் பரப்பி வைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். ஜாலான் பெண்டஹாராப் பூக்கடைக்கு அந்தக் கவலை வேண்டாம். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

காரணம், தேடுபொறி மதிப்பைக் கணக்கிடும் விதம். 1998-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை எளிது. ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும் ஒவ்வொரு பக்கமும் அதற்கு ஆதரவு தெரிவிக்கிறது. ஆதரவு தருபவரே மதிப்புள்ளவர் என்றால் அந்த ஆதரவுக்கு எடை கூடும். கூகுள் இன்று பார்க்கும் குறிகளோ ஏராளம்; இணைப்பு அவற்றுள் ஒன்றாக நீடிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஆதரவு கடைக்குப் போவதில்லை, முகவரிக்குப் போகிறது என்பது. பூக்கடைக்கு 12 இணைப்புகள் வந்திருக்கின்றன என்று கொள்வோம். 7 பேர் டபிள்யூ வைத்துக் கொடுத்தார்கள், 5 பேர் வைக்காமல் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றென்று தேடுபொறிக்குத் தெரியாவிட்டால், 12 ஆதரவு பெற்ற ஒரு பக்கம் அதன் கண்ணில் இல்லை. 7 பெற்ற ஒன்றும் 5 பெற்ற ஒன்றும்தான் இருக்கின்றன. எதிர்க்கடைக்காரருக்கு 9 இணைப்பு இருந்தால் அவர் முந்திவிடுவார்.

தெரியாவிட்டால், என்றேன். பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. இரண்டு பக்கங்களைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்ப்பது கோடிக்கணக்கான பக்கங்களில் நடக்கிற காரியமா? அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கைரேகை எடுக்கிறார்கள். வழக்கமான கணினிக் கைரேகையில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை முழுவதும் மாறிவிடும். அது இங்கே உதவாது. ஒரே பக்கம் இரண்டு முறை திறக்கும்போது தேதியோ விளம்பரமோ மாறியிருக்கும். மோசஸ் சாரிகர் 2002-இல் கொடுத்த 'சிம்ஹாஷ்' உத்தி இந்த இடத்தில் கைகொடுத்தது. பக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் 64 இடங்கள் கொண்ட ஒன்று, சுழி வரிசையாக மாற்றுகிறார்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் வாக்கெடுப்பு. ஒன்று வைத்த சொற்கள் கூட்டல், சுழி வைத்தவை கழித்தல். முக்கியமான சொல்லுக்கு வாக்கின் எடை அதிகம். கூட்டுத்தொகை மேலே இருந்தால் அந்த இடத்தில் ஒன்று, கீழே இருந்தால் சுழி. நாலைந்து சொல் மாறினால் சில இடங்களில் மட்டும் வாக்கு முடிவு புரளும். மற்றவை அப்படியே நிற்கும். கூகுளில் வேலைபார்த்த குர்மீத் சிங் மன்குவும் அர்விந்த் ஜெயினும், அனிஷ் தாஸ் சர்மாவுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 800 கோடிப் பக்கங்களுக்கு 64 இடக் கைரேகை போதும், மூன்று இடங்களுக்குள் வேறுபட்டால் ஒரே பக்கத்தின் நகல் என்று கொள்ளலாம் என்று காட்டினார்கள்.

பழைய தோட்டங்களில் கடிதங்கள் ஆபீசுக்குத்தான் வரும். உறையில் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தாலும், டிவிஷன் எண்ணை விட்டிருந்தாலும், பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) அது யாருக்கு என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார். தேடுபொறியும் அப்படி ஒரு கிராணிதான். ஒரே மாதிரிப் பக்கங்களை ஒரு கட்டாகக் கட்டி, அதில் ஒன்றைத் தலைமை முகவரியாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வந்த ஆதரவை அதன் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறது. நகல் பக்கம் இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்று பயமுறுத்திக் காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம். டபிள்யூவும் சாய்கோடும் பெருக்கிய நகல்களுக்குத் தண்டனை எதுவும் கிடையாது.

ஆனால் கிராணியின் ஊகம் தவறலாம். நீங்கள் அச்சடித்த பெயரட்டையில் ஒரு முகவரி இருக்க, தேடலில் வேறொன்று வந்து நிற்கும். சில வேளைகளில் அந்த வேறொன்று பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத வடிவமாக இருந்துவிடும். சான்றிதழை டபிள்யூ உள்ள பெயருக்கு மட்டும் வாங்கிவிட்டு மொட்டைப் பெயரை மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது. வாடிக்கையாளர் கைப்பேசியில் தட்டியதும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை எழும். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வருகைப் புள்ளிவிவரமும் பல வரிகளாகச் சிதறிக் கிடக்கும். பெரிய தளம் என்றால் இன்னொரு நட்டம்: தேடுபொறியின் உலாவி நிரல் ஒரே பக்கத்தைப் பல பெயரில் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, புதிய பக்கத்துக்குத் தாமதமாக வரும்.

ஆகவே கிராணியை ஊகிக்க விடாமல் நாமே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு இரண்டு கருவிகள் முக்கியம். முதலாவது, 301 என்ற நிரந்தரத் திருப்பம். ஒருவர் டபிள்யூ இல்லாமல் தட்டினால் வழங்கி '301' என்ற எண்ணோடு சரியான முகவரியைப் பதிலாக அனுப்பும். உலாவி தானாக அங்கே போய்விடும். தற்காலிகத் திருப்பத்துக்கு 302. நிரந்தரமாக மாறுவதற்கு 302 போட்டால், பழையதுதான் உண்மையான முகவரியோ என்று தேடுபொறி சற்றுத் தயங்கும். திருப்பிவிட்டால் மதிப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்ற பேச்சு பல காலம் இருந்தது; அப்படி எதுவும் கரைவதில்லை என்று கூகுள் 2016-இல் சொல்லிவிட்டது. திருப்பம் ஒரே தாவலாக இருப்பது முக்கியம். முதலில் டபிள்யூ சேர்த்து, அடுத்து பாதுகாப்பு வடிவுக்கு மாற்றி, பிறகு சாய்கோடு சேர்த்து என்று மூன்று தாவல் வைத்தால், தொடர்பு மெலிந்த உள்தோட்டத்தில் நின்று கைப்பேசி பார்ப்பவர் மூன்று முறை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கருவி, பக்கத்தின் தலைப்பகுதியில் பார்வைக்குத் தெரியாமல் எழுதப்படும் 'கேனானிக்கல்' குறி. 'என் முறையான முகவரி இது' என்று பக்கமே அறிவித்துக்கொள்வது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் இதை ஏற்பதாக அறிவித்தன. போட்டிக்காரர்கள் இப்படி ஒன்றாக நின்றது அபூர்வம். திருப்ப முடியாத இடங்களில் இது உதவும். முகநூலில் பகிரும் இணைப்பின் வாலில் 2018 முதல் 'எஃப்பிசிஎல்ஐடி' என்று ஒரு நீண்ட அடையாளம் ஒட்டிக்கொள்கிறதே, அது ஒவ்வொரு சொடுக்குக்கும் வேறுபடும். அப்படியே யாராவது நகலெடுத்துப் புலனத்திலோ தம் அகப்பக்கத்திலோ போட்டால் புதுப்புது முகவரிகள் பிறக்கும். கேனானிக்கல் குறி இருந்தால் வாலைத் தேடுபொறி பொருட்படுத்தாது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. முகப்புப் பக்கத்துக்கான குறியை வார்ப்புருவில் வைத்து எல்லாப் பக்கங்களுக்கும் அப்படியே ஒட்டிவிடுவார்கள். கல்யாண மாலைப் பக்கமும், விலைப்பட்டியலும், தொடர்புப் பக்கமும் 'நான் முகப்புப் பக்கம்' என்று சொல்லத் தொடங்கும். தேடுபொறி அதை நம்பினால் உள்பக்கங்கள் தேடலிலிருந்து காணாமல் போகும். குறியே இல்லாமல் இருப்பது இதைவிட மேல்.

இந்த இரண்டோடு, தளத்தின் உள்ளே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரும் இணைப்புகளும் தளவரைபடக் கோப்பும் அதே வடிவத்தைப் பின்பற்ற வேண்டும். முன்பு கூகுளின் கருவிப் பக்கத்தில் டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க ஒரு பொத்தானே இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னும் சில சிக்கல்கள் காத்திருக்கின்றன. தளப்பெயரின் வாலாகத் தமிழே வர 2010, 2011-இல் 'டாட் இலங்கை', 'டாட் இந்தியா', 'டாட் சிங்கப்பூர்' மூன்றும் கிடைத்தன. மலேசியாவுக்குக் கிடைத்தது ஜாவி எழுத்திலான வால். தமிழ் வால் இல்லை. ஆனால் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பாதையில் தமிழை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உலாவியில் அழகாகத் தெரியும். அதையே நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டிப் பாருங்கள். 'மலாக்கா' என்ற சொல் யூனிக்கோடில் 7 குறிகள். ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்ணும். ஆக 63 எழுத்து நீள வால். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தட்டாமல் விட்டுவிடுவார்.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரித் தெரியும் சொல் உள்ளே இரண்டு விதமாக இருப்பதுதான் வம்பு. 'கோயில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே யூனிக்கோடு குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அதிலிருந்து ஏற்றிய கோப்பின் முகவரியும், விண்டோஸ் கணினியில் தட்டிய முகவரியும் கண்ணுக்கு ஒன்று, வழங்கிக்கு இரண்டு. இதையாவது நிரல் எழுதி ஒன்றாக்கலாம். 'ஔவையார்' விஷயத்தில் அதுவும் நடக்காது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. யூனிக்கோடு விதிப்படி ஔகாரமும் அந்த இரட்டை எழுத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

தேடல் பெட்டியில் 'மலாக்கா' என்றோ, மலாய் உருவத்திலோ, பழைய ஆங்கில உருவத்திலோ எழுதினாலும் தேடுபொறி ஊரைப் புரிந்துகொள்ளும். எழுத்துப் பிழையையும் மன்னிக்கும். முகவரியில் அந்தத் தாராளம் கிடையாது. ஆகவே பாதையை ரோமன் சிறிய எழுத்தில் சுருக்கமாக வைத்து, பக்கத்தின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் நல்ல தமிழில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ்ப் பற்று முகவரியில்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தேடுபொறி முதன்மையாகப் படிப்பது உள்ளடக்கத்தைத்தான்.

வடிவத்தை முடிவுசெய்வது ஒரு நாள் வேலை. அதை மாற்றாமல் காப்பாற்றுவது வேறு வேலை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். நம்மவர்களுக்கு இது உறைத்தது பிளாக்ஸ்பாட்டில். கூகுளின் அந்த இலவசச் சேவையில் தமிழர்கள் குவித்த எழுத்து கொஞ்சநஞ்சமல்ல; நம் பள்ளிகள் பலவும் அங்கேதான் பக்கம் திறந்தன. 2012-இல் கூகுள் நாட்டுக்கு நாடு வாலை மாற்றத் தொடங்கியது. ஒரே பக்கம் இந்தியாவில் பார்த்தால் 'டாட் இன்', மலேசியாவில் பார்த்தால் 'டாட் எம்ஒய்'. படித்தவர்கள் தங்கள் திரையில் தெரிந்ததை நகலெடுத்து இணைப்பாகக் கொடுத்தார்கள். மூல முகவரி 'டாட் காம்'தான் என்று கேனானிக்கல் குறி சொன்னதால் தேடுபொறியில் பெரிய குழப்பம் வரவில்லை. 2018-இல் இந்த நாட்டு வால்களைக் கூகுள் கைவிட்டது. 2020-இல் இந்திய வாலின் பதிவு கூகுளின் கையை விட்டுப் போனது. அந்த வடிவில் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. உலகின் பெரிய தேடுபொறி நிறுவனத்துக்கே நேர்ந்தது இது. 'டாட் காம் டாட் எம்ஒய்'யிலிருந்து 'டாட் எம்ஒய்'க்கு மாறும் கடைக்காரர் பழைய பெயரின் பதிவை ஆண்டுதோறும் புதுப்பித்து, அதைத் திருப்பமாகவே வைத்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு என்கிறது கூகுள். கல்யாணப் பத்திரிகையிலும் லோரியின் பக்கவாட்டிலும் அச்சான முகவரிக்கு ஓராண்டு போதாது.

மாற்றத்துக்கான ஆசை பெரும்பாலும் ஆண்டு எண் வழியாகத்தான் நுழைகிறது. மலாக்காவின் செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசிமகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வரும் விழா. அதற்கென்று ஒருவர் பக்கம் தொடங்கினால், முகவரியில் விழாவின் பெயரோடு அந்த ஆண்டையும் சேர்க்கக் கை பரபரக்கும். அடுத்த ஆண்டு புதுப் பக்கம், புது முகவரி. முதல் ஆண்டு சேர்ந்த இணைப்புகள் யாரும் திறக்காத பழைய பக்கத்தில் தங்கிவிடும், புதியது பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியில் விழாப் பக்கத்தை வைத்து, முடிந்துபோன விழாவின் படங்களை மட்டும் ஆண்டுவாரியான துணைப் பக்கங்களுக்கு நகர்த்திவிட்டால், பத்தாண்டில் சேரும் இணைப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் பக்தர் எந்த ஆண்டில் கிடைத்த இணைப்பைத் தட்டினாலும், இந்த ஆண்டு விழா என்றைக்கு, ரதம் எந்த வழியாக வருகிறது, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பது அவருக்குக் கிடைத்துவிடும்.